பழைய மேக்குக்குக் கம்பைலர் வேண்டாம், அதன் லைப்ரரி போதும்

பழைய இயங்குதளம் வைத்திருப்பவரிடம் "புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கோத்தகிரியில் நான் பைத்தான் சொல்லித்தரும் பிள்ளைகள் பலரின் வீட்டில் அம்மா தேயிலை பறிக்கப் போகிறார். எங்களிடம் இருப்பது யாரோ கொடுத்த வெள்ளை மேக்புக்குகள், மேக் ஓஎஸ் 10.6. பாடத்துக்கு அவை தாராளம்.

மேக்கில் மென்பொருளை நிறுவித் தரும் ஹோம்ப்ரூ, மேக் ஓஎஸ்ஸின் கடைசி மூன்று பதிப்புகளுக்குத்தான் பொறுப்பேற்கிறது. அதே வேலையைச் செய்யும் மேக்போர்ட்ஸ் பழையவற்றை இன்னும் கைவிடவில்லை, அதற்கு என் நன்றி. ஆனால் பைத்தானின் அறிவியல் கணக்கு லைப்ரரியான சைபையை அதனிடம் கேட்டுப் பாருங்கள். சைபை போர்ட்ரான் என்ற நிரல்மொழியைக் கேட்கும், போர்ட்ரான் ஜிசிசி என்ற கம்பைலரைக் (எழுதிய நிரலை மெஷினில் ஓடும் ஃபைலாக மாற்றும் மென்பொருள்) கேட்கும். ஆப்பிள் தன் ஜிசிசியை 4.2.1-லேயே நிறுத்திக்கொண்டது; 2007-இல் ஜிசிசியின் உரிமமான ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு வந்தபின் புதியதைத் தொடவில்லை. அதனால் 10.6-உடன் வந்த சி++ லைப்ரரிக்கு அந்த மொழியின் 2011 தரமான சி++11 தெரியாது.

கட்டுவதற்குத்தான் கம்பைலர் வேண்டும். ஓடுவதற்கு அதன் ரன்டைம் லைப்ரரி (நிரல் ஓடும்போது துணைக்கு அழைக்கும் ஃபைல்கள்) போதும். கட்டி முடித்த ஃபைலில் ஓடூல் (otool) கட்டளையை '-L' (பெரிய எழுத்து எல்) சேர்த்துக் கொடுத்தால், அது எந்தெந்த லைப்ரரியைத் தேடுகிறது என்று வரிசையாகக் காட்டும். லிப்ஜிபோர்ட்ரான் இருக்கும், லிப்ஜிசிசி இருக்கும், கம்பைலர் இருக்காது. மேக்போர்ட்ஸ் இதைப் புரிந்துகொண்டு லிப்ஜிசிசியைத் தனி போர்ட்டாக, அதாவது தனியே நிறுவக்கூடிய தொகுப்பாக, பிரித்தது, மிகச் சரியான முடிவு. பழைய ஜிசிசியில் கட்டியதும் பெரும்பாலும் புதிய லிப்ஜிசிசியோடு ஓடும்; ஆனால் லிப்ஜிபோர்ட்ரானின் பதிப்பு எண் மாறியிருந்தால் அதன் பழைய பதிப்பும் வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், அந்த லிப்ஜிசிசிக்கு ரெடிமேட் பைனரி (முன்பே கட்டி வைத்த ஃபைல்) கிடைக்காதபோது ஜிசிசியின் சோர்ஸ் (மூல நிரல்) முழுவதையும் நம் மெஷினிலேயே கட்ட வேண்டும். இரண்டு கோர், கொஞ்சம் மெமரி. ஐப்பசி மழையில் கம்பி மேல் மரம் சாய்ந்து கரண்ட் போகும், பேட்டரியோ எப்போதோ செத்துப்போனது. சில நூறு ஃபைல்கள் ஓடி முடிந்த நேரத்தில் திரை கறுத்துவிடும். லைப்ரரி கேட்ட பிள்ளைக்கு இது அநியாயம் இல்லையா?

பழைய பதிப்புகளுக்கு எல்லா போர்ட்டுக்கும் பைனரி தரச் சொல்லவில்லை. கம்பைலரின் ரன்டைம் லைப்ரரிக்கு மட்டுமாவது தவறாமல் தர வேண்டும். பதிப்பு மாறும்போது முதலில் அந்தப் பைனரி, அப்புறம் மற்றது.

அதுவரை நாமே செய்யலாம். ஒரே பதிப்பு, ஒரே வகை சிப், மேக்போர்ட்ஸ் வழக்கமாக நிறுவும் ஆப்ட் லோக்கல் (/opt/local) இடம் என்றால் ஒரு மேக்கில் கட்டிய ஆர்க்கைவை (பைனரிகளை ஒன்றாகக் கட்டிய ஃபைல்) இன்னொன்றில் போட முடியும். கோவையிலோ சென்னையிலோ 10.6 ஓடும் இன்டெல் மேக் சும்மா கிடந்தால், கரண்ட் நிற்காத இடத்தில் கட்டித்தர முடிந்தவர்கள் எழுதுங்கள். பென்டிரைவில் வந்தாலும் சரி.