வெடிச்சத்தம் ஓய்ந்த பின்னும் நிற்கும் படம்

ரிச்சர்ட் டானர் இயக்கி 1987இல் வெளிவந்த 'லீதல் வெப்பன்' என்னும் ஹாலிவுட் அதிரடிப் படத்தை அண்மையில் ஒளிவட்டில் மறுபடியும் பார்த்த கட்டுரையாளர் ஒருவர், அதன் சண்டைக் காட்சிகள் பழையனவாகிவிட்டதாக எழுதியிருக்கிறார். உடைந்த தீயணைப்புக் குழாயின் நீரில் நனைந்த புல்தரையில் நடக்கும் அந்த இறுதிச் சண்டையைப் பொறுத்தவரை அவர் சொல்வதை மறுப்பதற்கில்லை. அது தேவைக்கு மேல் நீள்கிறது.

ஆனால், வீட்டில் அமைதியாக அமர்ந்து பார்க்கும்போது மேலெழுந்து வருவது சண்டை அன்று. மனைவியை இழந்து, உயிரைத் துச்சமாக எண்ணும் காவல்துறைத் துப்பறிவாளர் ரிக்ஸும், ஐம்பதாவது பிறந்தநாளைக் கண்டு மலைத்து நிற்கும் குடும்பத் தலைவரான அவருடைய புதிய பணிக் கூட்டாளி மர்ட்டாவும் ஒருவரையொருவர் அளந்து பார்க்கும் அந்தத் தயக்கமே படத்தின் உயிர் என்பதைத் திரையரங்கின் ஆரவாரத்தில் நான் கவனிக்கத் தவறியிருந்தேன். ரிக்ஸாக நடிக்கும் மெல் கிப்சன் தன் வண்டி வீட்டில் துப்பாக்கியை வாய்க்குள் வைத்து அழும் காட்சியை இன்றைய அதிரடிப் படமொன்று இவ்வளவு பொறுமையாக எடுக்குமா என்பது ஐயமே. இசையையும் குறிப்பிட வேண்டும்: ரிக்ஸுக்கு எரிக் கிளாப்டனின் கிதாரும், மர்ட்டாவுக்கு டேவிட் சான்போர்னின் சாக்ஸபோனும் ஒலிக்க, இசையமைப்பாளர் மைக்கேல் கேமனும் சேர்ந்து அமைத்த அந்த இரு குரல் உரையாடல் நல்ல ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்கிறது.

ஏறக்குறைய ஏழு நிமிடம் கூடுதலான இயக்குநர் பதிப்பில், பள்ளிக் குழந்தைகளைச் சுடுபவனை ரிக்ஸ் தன்னந்தனியாக எதிர்கொள்ளும் காட்சி உள்ளது. என் பார்வையில் அது மிகை. முதன்முறை பார்ப்பவர்கள் திரையரங்குப் பதிப்பிலிருந்தே தொடங்கலாம்.