ஜாவா படித்தால்தான் ஜாவாஸ்கிரிப்ட் வருமா?

"ஜாவாஸ்கிரிப்ட் ஜாவாவின் சின்ன வடிவம்; முதலில் ஜாவா படிக்க வேண்டும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. இரண்டும் வெவ்வேறு நிரல் மொழிகள் (கணினிக்குக் கட்டளை எழுதும் மொழிகள்).

ஜாவா, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழு உருவாக்கியது. ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை நெட்ஸ்கேப் என்ற பிரௌசர் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாட்களில் எழுதினார். முதலில் மோக்கா, அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட் என்று பெயர். ஜாவாவுக்கு அப்போது இருந்த மவுசைப் பார்த்து, அந்த டிசம்பரில் பெயரை ஜாவாஸ்கிரிப்ட் என்று மாற்றினார்கள். இத்தனை வருடக் குழப்பத்துக்கும் அதுதான் காரணம்.

எழுதும் முறையில் கொஞ்சம் ஒற்றுமை உண்டு, சரி. ஆனால் எண்ணுக்கென அறிவித்த மாறியில் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயரில்) சொல்லைப் போட்டால் ஜாவா கம்பைலரே, அதாவது நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளே, தடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மாறி இரண்டையும் ஏற்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் திணறி, பாதியில் விட்டவர்களைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது.

வெப் ஆசை உள்ளவர்கள் பிரௌசர் கன்சோலிலேயே (பிரௌசருக்குள் நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் இடம்) ஜாவாஸ்கிரிப்டை இன்று தொடங்கலாம்.