திறக்காத வால் கூண்டு

போரில் காட்டும் வீரத்துக்குப் பிரிட்டன் தரும் மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா சிலுவையை வாங்கியவர் என்றாலே எதிரியை வீழ்த்தியவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கனடாவின் ஆண்ட்ரூ மைனார்ஸ்கிக்கு அது கிடைத்தது, அவரால் செய்து முடிக்க முடியாமல் போன ஒரு காரியத்துக்காக. அதனாலேயே எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

வின்னிபெக்கில் 1916இல் பிறந்தவர், போலந்திலிருந்து குடியேறிய குடும்பம். பதினாறு வயதில் அப்பா இறந்துவிட, வீட்டுக்காகத் தோல் வேலைக்குப் போனார். இரண்டாம் உலகப் போர் நடந்த 1941இல் கனடிய விமானப்படை, அப்புறம் இங்கிலாந்து, 419ஆவது படையணி. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் முதுகில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டுதான் அவர் இடம். வால் கூண்டில் இருந்தவர் பாட் பிராஃபி, நெருங்கிய நண்பர்.

1944 ஜூன் 12 இரவு பிரான்சின் காம்ப்ரே ரயில் யார்டைத் தாக்கப் போனார்கள். ஜெர்மன் விமானம் சுட்டதில் இடப்பக்க இரண்டு இன்ஜினும் போய்விட்டன, உள்ளே தீ. எல்லோரும் குதியுங்கள் என்று விமானி சொல்லிவிட்டார். மைனார்ஸ்கி கதவு வரைக்கும் வந்துவிட்டார். குதித்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் திரும்பிப் பார்த்தபோது பிராஃபி இன்னும் கூண்டுக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. கூண்டைத் திருப்பும் ஹைட்ராலிக் இயந்திரம் செத்துப்போய் அது நகரவில்லை, கையால் சுழற்றும் பிடியும் உடைந்துவிட்டது. தீக்குள் தவழ்ந்து போய்க் கோடரியால் அடித்தார், கடைசியில் வெறுங்கையால் இழுத்தார். உடையும் பாராசூட்டும் எரிந்துகொண்டிருந்தன. போய்விடு என்று பிராஃபியே கைகாட்டிய பிறகுதான் பின்வாங்கினார், அதுவும் நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டு. எரிந்தபடியே குதித்தவரைக் கீழே பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தார்கள், தீக்காயங்களால் இறந்துபோனார். வயது 27.

பிராஃபி பிழைத்துக்கொண்டார். விமானம் தரையில் மோதியபோது வெளியே தூக்கி வீசப்பட்டு உயிரோடு எழுந்தார். விமானத்தில் இருந்த ஏழு பேரில் இறந்தது மைனார்ஸ்கி ஒருவர்தான். 1945இல் பிராஃபி வந்து சொன்ன பிறகுதான் அந்த வாலில் நடந்தது மற்றவர்களுக்குத் தெரிந்தது, விருது வர 1946 அக்டோபர் ஆனது.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதுதான்: காப்பாற்ற முடியாமல் போனவர் பிழைத்ததால்தான் காப்பாற்றப் போனவரின் கதை நமக்குக் கிடைத்தது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் கனடியர்கள் மட்டும் சுமார் 10,000 பேர் இறந்தார்கள், பல விமானங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த இருட்டில் எத்தனை பேர் கதவு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்களோ. நகரங்கள் மேல் குண்டு போட்டது சரியா என்று இன்றும் விவாதம் உண்டு, அது நடக்க வேண்டிய விவாதம்தான், நானும் அதில் கேள்வி கேட்கிற பக்கம்தான். ஆனாலும் அதைச் சாக்காக வைத்து இந்தப் பையன்களை மறந்துவிடுவதை என்னால் ஏற்க முடியாது.

ஒன்டாரியோவின் ஹாமில்டன் அருங்காட்சியகத்தில் ஒரு லங்காஸ்டர் இன்னும் பறக்கிறது, உலகில் பறக்கும் நிலையில் உள்ள இரண்டில் ஒன்று. அதன் பக்கவாட்டில் மைனார்ஸ்கி கடைசியாக ஏறிய விமானத்தின் அதே எழுத்துகள்: வி ஆர் - ஏ.