நேராக ஓடாத ரோபோவைக் கொடுங்கள்

பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் வர ரோபோடிக்ஸ் நல்ல வழி என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அந்த ஆர்வம் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதில் பலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கை குலுக்கும் ரோபோ, டான்ஸ் ஆடும் ரோபோ என்று காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள், வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவார்கள். தான் செய்த ரோபோ தன் சொல்லைக் கேட்காமல் போகும்போது, ஏன் கேட்கவில்லை என்று ஒரு பிள்ளை தரையில் படுத்துச் சக்கரத்தை உற்றுப் பார்க்கிறதே, அங்கேதான் விஷயம் தொடங்குகிறது. அந்த நேரத்தைத்தான் பெரியவர்கள் நாம், நல்லெண்ணத்தோடுதான், அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

வார இறுதிகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ரோபோ செய்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்கிற வேலை ரொம்பச் சின்னது. கியர் வைத்த இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், முன்னால் எந்தப் பக்கமும் திரும்பும் ஒரு குட்டிச் சக்கரம், ஆர்டுயினோ என்கிற ஒரு குட்டிக் கணினி போர்டு, அது சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு மோட்டார் டிரைவர், பேட்டரி. இவற்றை வைத்து ஒரு வண்டி செய்து, தரையில் மூன்று மீட்டர் நேராக ஓட வைக்க வேண்டும். சென்சார் கிடையாது, ரிமோட் கிடையாது. இவ்வளவுதானா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். ஓட விட்டால் வண்டி பாதித் தூரம் போவதற்குள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நிற்கும்.

முதலில் எல்லோரும் கோடைத்தான், அதாவது போர்டுக்கு எழுதிய நிரலைத்தான் சந்தேகப்படுவார்கள். கோடில் இரண்டு மோட்டாருக்கும் ஒரே வேக எண்தான் இருக்கும். அப்புறம் ஒரு சின்னச் சண்டை நடக்கும், அதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கும். "டேய், ரெண்டு மோட்டாரையும் பக்கம் மாத்திப் போடலாம். இப்பவும் இடது பக்கமே இழுத்தா மோட்டார் மேல தப்பு இல்ல. வலது பக்கம் இழுத்தா மோட்டார்தான்." இதைச் சொன்ன பிள்ளைக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரியாது. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்கிற, சோதனை அறிவியலின் அடிப்படையான விதியை அது தானாகவே கண்டுபிடித்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதே விதியைச் சார்ந்த மாறி, சாராத மாறி என்று மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துபோன பிள்ளையும் அதேதான்!

சரி, மோட்டாரில்தான் வேறுபாடு என்று தெரிந்துவிட்டது. ஒரே பெட்டியில் வந்த, ஒரே மாதிரியான இரண்டு மோட்டார் எப்படி வேறு வேறு வேகத்தில் சுற்றும்? உள்ளே இருக்கும் கியர்களின் உராய்வு ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும், சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் உட்கார்ந்திருக்கும் விதம் மாறும், செய்யும்போதே சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். உலகத்தில் இரண்டு பொருள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது என்பது கணக்குப் புத்தகம் மட்டும் படிக்கிற பிள்ளைக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத செய்தி. வேகமான மோட்டாருக்கு உச்ச வேக எண்ணான 255 என்று கொடுத்திருந்ததை 240 ஆக்குவார்கள், பிறகு 235, பிறகு 238. வண்டி நேராக ஓடும், கைதட்டுவார்கள். அடுத்த வாரம் வந்து ஓட விட்டால் மறுபடியும் வளைந்து போகும், ஏனென்றால் பேட்டரி இறங்கியிருக்கும், போன வாரம் பொருந்திய எண் இந்த வாரம் பொருந்தாது.

இந்த ஏமாற்றம்தான் எனக்கு வேண்டும். முன்கூட்டியே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் வேலைக்கு ஆகாது, சக்கரம் உண்மையில் எவ்வளவு சுற்றியது என்று வண்டியே எண்ணிப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் அவர்களுக்கே தோன்றும். சக்கரத்தோடு சுற்றும் துளை போட்ட வட்டத்தகடும், கடந்துபோகும் துளைகளை எண்ணும் ஒரு ஒளி சென்சாரும் எதற்கு என்று அப்போது சொன்னால் மனதில் ஒட்டும். விமானத்தின் ஆட்டோபைலட் முதல் நம் உடம்புச் சூடு 37 டிகிரியை ஒட்டியே நிற்பது வரை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற பின்னூட்டம் என்கிற கருத்து இதுதான். பல பொறியியல் மாணவர்கள் கல்லூரியில் இதைச் சமன்பாடாக மட்டும் சந்தித்துவிட்டுப் பயந்து ஓடுகிறார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1948-49இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் கிரே வால்டர் என்ற மூளை ஆராய்ச்சியாளர் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமை ரோபோக்களைச் செய்தார். ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு வெற்றிடக் குழாய்கள், ஒளியை உணர ஒரு சென்சார், இடித்தால் உணர ஒரு சென்சார். அவ்வளவு எளிய சுற்று, வெளிச்சத்தைத் தேடிப் போகும், தடையைச் சுற்றிக்கொண்டு போகும், பார்க்கிறவர்களுக்கு உயிர் இருக்கிற மாதிரியே தெரியும். பிறகு 1967இல் அமெரிக்காவில் கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் சிந்தியா சாலமனும் வாலி ஃபோயர்ட்சைக்கும் சேர்ந்து பிள்ளைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள், அதை வைத்துத் தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஆமை ரோபோவும் சில ஆண்டுகளில் வந்தது. அதனிடம் முக்கோணம் வரையச் சொல்லும் பிள்ளை, முக்கோணத்தின் கோணம் 60 டிகிரி என்று படித்ததை நம்பி 60 டிகிரி திரும்பச் சொல்லும். மூன்று கோடு போட்டாலும் முக்கோணம் மூடாது, தொடர்ந்து போனால் அறுகோணம்தான் வரும்! ஏன் என்று புரியாவிட்டால் பேப்பர்ட் சொல்லும் வழி, நீயே ஆமையாக நடந்து பார். நடந்து பார்த்தால் முனையில் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று தெரிந்துவிடும், 120. வெளிக்கோணம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டாம்.

லோகோவிலிருந்து எனக்குப் பிடித்தது இதுதான்: அங்கே தவறு என்பது மதிப்பெண் குறைவதற்கான காரணம் இல்லை, பார்த்துச் சரிசெய்ய வேண்டிய ஒரு பொருள். ரோபோ யாரையும் திட்டாது, "போன வருஷமே சொல்லிக்கொடுத்தேனே" என்று கேட்காது. நீ சொன்னதை மட்டும் செய்து காட்டும். தேர்வில் தப்பாகிவிடுமோ என்று வாயே திறக்காத பிள்ளைகள் ரோபோ முன்னால் கணக்கில்லாமல் தப்பு செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். பல ரோபோடிக்ஸ் வகுப்புகளில் நடப்பது வேறு. படம் போட்ட புத்தகம், ஒன்றாம் படி, இரண்டாம் படி, துளைக்குத் துளை பொருந்தும் பாகங்கள், கடைசியில் ஏற்கெனவே எழுதிவைத்த கோடு. ஒரு மணி நேரத்தில் ரோபோ ஓடும், வீடியோ எடுப்பார்கள், பெற்றோர் குரூப்பில் போடுவார்கள், அடுத்த வாரம் அடுத்த மாடல். அந்தப் பிள்ளையிடம் ஒரு கம்பியைக் கழற்றிக் கொடுத்து ஏன் ஓடவில்லை என்று கேட்டுப் பாருங்கள், எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாது. கிட் தப்பு என்று நான் சொல்லவில்லை, முதல் இரண்டு வாரத்துக்கு அது நல்லதுதான், சின்னக் கைகளுக்குத் தைரியம் தரும். ஆனால் எல்லாம் பொருந்தும்படியே செய்த உலகத்திலேயே ஒரு பிள்ளையை ஆண்டு முழுக்க வைத்திருந்தால் பொறியியலின் வாசனைகூட அதற்குத் தெரியாது.

போட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் தொடங்கிய, மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பின் முதல் போட்டி 1992இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளோடு நடந்தது. அவரோடு நின்ற எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் வலியுறுத்தியது, கடுமையாக மோது, ஆனால் எதிரணியின் மோட்டார் எரிந்தால் உன்னிடம் இருக்கும் மோட்டாரைக் கொடு என்கிற பண்பு. ஃபர்ஸ்ட் போட்டிகளில் இப்போது அணிகள் கூட்டணி சேர்ந்து ஆடும், இந்த ஆட்டத்தில் எதிரே நிற்கிறவர்கள் அடுத்த ஆட்டத்தில் நம் பக்கம் வரலாம், அதனால் அடுத்தவர் ரோபோ ஓடுவதும் நமக்கு வேண்டும். அருமையான ஏற்பாடு. ஆனால் எந்த நல்ல ஏற்பாட்டையும் கோப்பை ஆசை கெடுத்துவிடும். போட்டிக்கு முந்தைய இரவில் பயிற்சியாளரோ அப்பாவோ உட்கார்ந்து சாலிடர் செய்து, கோடைத் திருத்தி, காலையில் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நடுவர்களிடம் ஒரு வேண்டுகோள், ரோபோ என்ன செய்யும் என்று கேட்காதீர்கள், அதை ஒப்பித்துவிடுவார்கள். கடைசியாக எப்போது கெட்டது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். தானே செய்த பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லி முடிக்க நேரம் போதாது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. கலந்த அணிகளில் பெண் பிள்ளைகள் கைக்கு எப்படியோ போஸ்டரும் குறிப்பேடும் வந்து சேர்கின்றன, ஸ்க்ரூடிரைவர் பையன்களிடமே இருக்கிறது. "உன் கையெழுத்து நல்லா இருக்கு" என்று யாராவது அன்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். அதனால் நான் வாரம் ஒருமுறை வேலையை மாற்றிவிடுகிறேன், வயரிங் செய்தவர் எழுத வேண்டும், எழுதியவர் கோடு பார்க்க வேண்டும், விதிவிலக்கு யாருக்கும் இல்லை. முதல் வாரம் முனகுவார்கள். கம்பி பிடிக்கத் தயங்கிய பிள்ளைகளிடம் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள், பிறகு அதைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம்.

"கோடெல்லாம் இப்போது ஏஐயே எழுதிவிடுகிறதே, இனி இதெல்லாம் எதற்கு" என்று கேட்கிறார்கள். எழுதட்டும், நன்றாகவே எழுதுகிறது. ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரியால் அவ்வளவு மின்னோட்டம் தர முடியாமல் மின்னழுத்தம் சரிந்து, போர்டு ரீசெட் ஆகி ரீசெட் ஆகி நிற்கிறது என்பது கோடில் எங்கும் இருக்காது. மீயொலி சென்சார் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது, ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவருக்குப் போய்த் திரும்பச் சுமார் 5.8 மில்லி விநாடி. சுவர் முன்னால் ஒழுங்காக நின்ற ரோபோ தலையணையில் போய் மோதினால், துணியும் பஞ்சும் ஒலியை விழுங்கிவிட்டன என்பதைத் தலையணையைத் தொட்டுப் பார்த்த பிள்ளைதான் சொல்ல முடியும். திரையில் இருக்கிற விடையைத் தரையில் இருக்கிற வண்டியோடு வைத்துச் சரிபார்க்கிற பழக்கம் இந்தத் தலைமுறைக்கு முன்னைவிட அதிகமாகத் தேவைப்படும்.

எந்த கிட் வாங்கலாம் என்று கேட்டு உள்பெட்டிக்கு வருகிறவர்களுக்கு என் பதில், முதலில் வீட்டில் கெட்டுப்போன பிரிண்டரைப் பிள்ளையோடு சேர்ந்து பிரியுங்கள். மின் இணைப்பைத் துண்டித்து நன்றாக ஆறவிட்டு, பவர் சப்ளை பெட்டியை மட்டும் தொடாமல் ஒதுக்கிவிடுங்கள். மோட்டார், கியர், பெல்ட், வழுவழுப்பான இரும்புத் தண்டு, ஸ்விட்ச் எல்லாம் கிடைக்கும், அதைவிட முக்கியமாக, யாரோ யோசித்துத்தான் ஒவ்வொன்றையும் அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். பெரியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். "அந்த ஒயர் லூசா இருக்கு பாரு" என்று சொல்லத் துடிக்கும், சொல்லாதீர்கள். ரொம்ப நேரம் திணறினால், கடைசியாக எதை மாற்றினாய் என்று மட்டும் கேளுங்கள். பேட்டரி சூடாகிறது, புகை வருகிறது என்றால் மட்டும் தயங்காமல் கை வையுங்கள்.

பள்ளியிலோ பயிற்சி நிலையத்திலோ வகுப்பு நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒன்று கேட்க இருக்கிறது. மணி அடித்ததும் அடுத்த பேட்சுக்குப் பாகம் வேண்டும் என்று பாதியில் நிற்கும் ரோபோக்களை எல்லாம் பிரித்துப் பெட்டியில் போடுகிறீர்கள். பழுதைப் பாதி கண்டுபிடித்த பிள்ளை அடுத்த வாரம் வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேட்சுக்கு ஒரு செட் என்பதை மாற்றுங்கள், மாடல்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் பாகங்கள் மிஞ்சும். சுவரோரம் ஒரு அலமாரி போடுங்கள், பெயர் ஒட்டுங்கள், இயங்காத ரோபோவை இயங்காதபடியே அடுத்த வாரம் வரை அங்கே இருக்க விடுங்கள்.