கார்டில் மீதி 35

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் மாலில் இருக்கிற கேம் ஜோனுக்குக் கூட்டிப்போனேன். பெரியவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 7. ஆளுக்கு 500 ரூபாய் கார்டு. "தீர்ந்தா தீர்ந்ததுதான், மறுபடி மாமாகிட்ட கேக்கக் கூடாது" என்று வாசலிலேயே ஒப்பந்தம். வீடு திரும்பியதும் அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஆயிரம் ரூபாயக் கரியாக்கிட்டு வந்திருக்க. இதுல புள்ளைங்க என்னத்தடா கத்துக்குச்சுங்க?"

அப்போது பதில் வாயில் வரவில்லை. ராத்திரி படுத்தபிறகுதான் வந்தது. அதனால் இங்கே.

கண்ணும் கையும் ஒத்துழைக்கும், கவனம் கூடும் என்றெல்லாம் சொல்வார்களே, அந்தக் கதையை நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு பம்பரம் போதும், காசும் மிச்சம். நான் பார்த்தது வேறு. பெரியவன் அங்கே ஒரு மெஷினை வேவு பார்த்தான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகளைக் குவித்து, மேலிருந்து ஒரு இரும்புக் கை இறங்கி எடுக்குமே, அந்த மெஷின். ஒரு ஆட்டத்துக்கு 80. பயல் வரிசையாக ஐந்து தடவை ஆடினான், 400 போச்சு. ஐந்திலும் கை பொம்மையைப் பிடித்தது, தூக்கியது, உச்சிக்குப் போனதும் சோம்பேறி மாதிரி விரலை விரித்துவிட்டது. அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டு மற்றவர்கள் ஆடுவதை எண்ண ஆரம்பித்தான். கால்மணி நேரம் கழித்து வந்து காதில் சொன்னான்: "மாமா, எல்லாருக்கும் மேல போனதும்தான் விட்டுருது. கீழ இருக்கும்போது விடவே இல்ல."

கண்டுபிடித்துவிட்டான். அந்தக் கையை இறுக்குவது மின்காந்தம். மின்சாரத்தைக் குறைத்தால் பிடி தளரும். எந்த இடத்தில் தளர வேண்டும், எத்தனை ஆட்டத்துக்கு ஒரு தடவை முழுப் பிடி கிடைக்க வேண்டும் என்பதையெல்லாம் கடைக்காரரே செட் செய்துவைக்கிற வசதி பல மெஷின்களில் உண்டு. நான் இதைச் சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்கணும். கோபமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. "அப்போ நம்ம கையில எதுவும் இல்லையா?" என்றான். கொஞ்சம் இருக்கிறது, ரொம்ப இல்லை என்றேன்.

பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவுக்குப் பகடைக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள். பகடைக்கு ஞாபகசக்தி கிடையாது. தாயம் பத்து தடவை விழவில்லை என்பதற்காகப் பதினோராவது தடவை விழுந்தே ஆகணும் என்றில்லை. ஆனால் ஆட்டத்தை எண்ணிப் பரிசு கொடுக்கிற மாதிரி செட் செய்த மெஷினுக்கு ஞாபகம் உண்டு, அதுவும் முதலாளி எழுதிவைத்த ஞாபகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கரும்பலகையில் காட்டுவீர்கள்? அதே மெஷினில் ஒரு அப்பா 14 தடவை ஆடினார். நாங்கள் எண்ணினோம். பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் போய் ரீசார்ஜ் செய்துவிட்டு வந்தார். கடைசியில் ஒரு குட்டி வாத்து விழுந்தது, ஜோன் முழுக்கக் கைதட்டல். அந்தப் பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொண்டது என்ன என்று அந்த அப்பாவிடம் கேட்க ஆசைதான். வம்பு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

எங்கள் காலத்தில் மதுரை தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் வளையம் போடுகிற கடை இருக்கும். சோப்பு டப்பா, பவுடர், நடுவில் ஒரு கைக்கடிகாரம். கடிகாரத்தை ஒரு மரக்கட்டைமேல் வைத்திருப்பார்கள். வளையம் கட்டையைத் தாண்டித் தரையில் படிந்தால்தான் கணக்கு. கட்டைக்கும் வளையத்துக்கும் நூலளவு இடைவெளி. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷமும் அப்பா பையிலிருந்து எடுத்த சில்லறையும் ஆனது. இவன் கால்மணி நேரத்தில் பிடித்துவிட்டான்.

சின்னவள் முதலைத் தலையில் சுத்தியலால் அடிக்கிற ஆட்டத்தில் நாலு தடவை வெளுத்துவாங்கினாள். அண்ணனோடு ஏர் ஹாக்கி ஆடித் தோற்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். மொத்தம் 310 டிக்கெட் சேர்த்திருந்தாள். பரிசு கவுன்ட்டரில் 300 டிக்கெட்டுக்கு ஒரு ஷார்ப்னர். கீழே பேன்சி கடையில் பத்து ரூபாய்க்கு விற்கிற அதே ஷார்ப்னர். மேல் தட்டில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், 18,000 டிக்கெட். பெரியவன் என் போனை வாங்கிக் கால்குலேட்டரில் தட்டினான். 500 ரூபாய்க்கு 310 டிக்கெட் என்றால் அந்த ஸ்பீக்கர் 29,000 ரூபாய்! "ஆன்லைன்ல 900 ரூபாதான் மாமா" என்று அவன் கத்திய கத்தலில் கவுன்ட்டர் பையன் சிரித்துவிட்டான். காசை முதலில் பாயிண்டாக்கு, பாயிண்டை டிக்கெட்டாக்கு, டிக்கெட்டை ஷார்ப்னராக்கு. இத்தனை தடவை உடை மாற்றினால் காசுக்கே தன் முகம் மறந்துபோகும்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. உள்ளே போனதும் நாங்கள் ஆடிய முதல் ஆட்டம், வெளியே போக எத்தனை வழி என்று எண்ணுகிற ஆட்டம். 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் ஒரு கேம் ஜோன் தீப்பிடித்து, குழந்தைகள் உட்பட 25 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே நடந்த இடம் அது. அதற்குப் பிறகு எந்த மூடிய இடத்துக்குப் போனாலும் எனக்கு இந்தப் பழக்கம். அன்றைக்கு இரண்டு வழி கண்டுபிடித்தோம். ஒன்றின் முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். அங்கிருந்தவரிடம் சொன்னேன், தலையை ஆட்டினார். கிளம்பும்போதும் பெட்டிகள் அங்கேயேதான் இருந்தன.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியவன் கேட்டான்: "அப்போ எல்லா கேமையும் ஏமாத்தத்தான் செய்றாங்களா மாமா?" இப்படியே விட்டால் பிள்ளை உலகத்தையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவான். அதனால் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கதையைச் சொன்னேன். 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் உருவாக்கிய வீடியோ கேம். கூட்டமாக இறங்கிவரும் வேற்றுக்கிரகத்து ஜந்துக்களைச் சுட வேண்டும். சுடச்சுட மிச்சமிருப்பவை வேகம் பிடிக்கும். அவர் அப்படித் திட்டமிட்டுச் செய்யவில்லை. அத்தனை உருவங்களையும் திரையில் வரைந்து நகர்த்த அந்தக் காலத்து சிப் திணறியது. உருவம் குறையக் குறையச் சுமை குறைந்து தானாக வேகம் கூடிவிட்டது. ஆட்டம் இன்னும் விறுவிறுப்பாக இருக்கிறதே என்று அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். பயல் காளவாசல் ஸ்டாப் வரைக்கும் பேசவில்லை. பிறகு, "அந்த சிப்பு இப்பக் கிடைக்குமா?" என்றான்.

சின்னவளுக்கு இதெல்லாம் ஒன்றும் ஏறவில்லை. அந்த ஷார்ப்னரை வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டாள், "நான் ஜெயிச்சது" என்று. இரண்டு கார்டும் என் பர்ஸில்தான் இருக்கின்றன. ஒன்றில் 15, ஒன்றில் 20. எந்த ஆட்டத்துக்கும் பத்தாது. நேற்று போனில் சொல்கிறாள், "மாமா, ரெண்டையும் சேர்த்தா 35. இன்னும் 25 ரூபா போட்டா முதலை ஆடலாம்." பின்னாலிருந்து அண்ணன்காரன் சிரிக்கிற சத்தம் கேட்டது. குறைந்தபட்ச ரீசார்ஜ் 200 என்று கவுன்ட்டரில் ஒட்டியிருந்ததை அவன் பார்த்திருக்கிறான், அவள் பார்க்கவில்லை.