கட்சிக்கு எத்தனை பிறந்தநாள்?

எங்கள் கடைத்தெருவில் டீக்கடைக்கு இந்தப் பக்கம் ஒரு கொடிமரம், அந்தப் பக்கம் ஒன்று. இரண்டிலும் செங்கொடி, இரண்டிலும் அரிவாள் சுத்தியல். எது யாருடையது என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. ஒன்று சி.பி.ஐ., மற்றது சி.பி.எம்.; இரண்டும் கம்யூனிஸ்ட் கட்சிதான். தேர்தல் வந்தால்தான் சின்னத்தில் தெரியும்: சி.பி.ஐ.க்குக் கதிர் அரிவாள், சி.பி.எம்.முக்கு நட்சத்திரம். "ஒரே கொடிக்கு ஏன்டா ரெண்டு மரம்?" என்பார் அப்பாயி.

பிறந்தநாளும் இரண்டுதான் அப்பாயி. 1920 அக்டோபர் 17, தாஷ்கண்ட் என்கிறது சி.பி.எம். 1925 டிசம்பர் 26, கான்பூர் என்கிறது சி.பி.ஐ. கான்பூர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம்ம சிங்காரவேலர். 1923இலேயே சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர். அந்த மாநாட்டிலேயே பெயர்ச் சண்டை வந்தது. 'இண்டியன் கம்யூனிஸ்ட் பார்ட்டி'யா, 'கம்யூனிஸ்ட் பார்ட்டி ஆஃப் இண்டியா'வா? தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்!

1964 ஏப்ரலில் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். கட்சி உடைந்து சி.பி.எம். வந்தது அப்படித்தான். சீனப் போர், மாஸ்கோ–பீகிங் தகராறு, எல்லாவற்றுக்கும் மேல் காங்கிரஸோடு சேர்வதா மோதுவதா என்ற கேள்வி. சும்மா ஈகோ சண்டை என்று தள்ள மாட்டேன். எமர்ஜென்சியை ஒருவர் ஆதரித்தார், ஒருவர் எதிர்த்தார். ஆதரித்தது தப்பு என்று சி.பி.ஐ. பிறகு ஒப்புக்கொண்டது. ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில் இருவரும் ஒரே கூட்டணியில் ஆளுக்கு 6 தொகுதி வாங்கி, ஆளுக்கு 2 ஜெயித்தார்கள். இதற்கு எதற்கு இரண்டு ஆபீஸ், இரண்டு உண்டியல்?

என்னைக் கேட்டால், தஞ்சாவூர்ப் பக்கம் கட்சி பிறந்தது வேறு நாளில். பண்ணையாள் வேலைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தால் சவுக்கடி. அது போதாதென்று சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். அதற்குச் சாணிப்பால் என்று பெயர் வேறு. பாலாம்! 1943வாக்கில் கன்னட நாட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் சேரிக்குள் போய் உட்கார்ந்தார், அங்கேயே சாப்பிட்டார், சங்கம் கட்டினார். அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்தார். சவுக்கும் சாணிப்பாலும் ஒழிந்தது அதற்கப்புறம்தான். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் யாரோ மனமிரங்கிக் கொடுத்ததல்ல.

அதே தஞ்சாவூர்ப் பக்கத்துக் கீழ்வெண்மணியிலும் பிரச்சினை கூலி நெல் மட்டுமல்ல. செங்கொடியை இறக்கு, மிராசுதார் சங்கக் கொடியை ஏற்று என்றார்கள். இறக்கவில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி, ஒரே குடிசைக்குள் 44 பேரைக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கட்சி உடைந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. 64இல் நடந்த விவாதத்தில் எத்தனை வரி அந்தக் குடிசைக்குள் தெரிந்திருக்கும்?

அப்பாயி கடைசிவரை கதிருக்குத்தான் போட்டார். நட்சத்திரத்துக்காரர்கள் ஓட்டுக் கேட்டு வந்தால் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுப்பார். "ஓட்டு இல்லப்பா, மோர் குடிச்சிட்டுப் போ."