ஒரே ஒரு 'ஆம்'

அந்த விபத்தில் தப்பு என்னுடையதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்பீர்கள். காலி டிரெய்லர். மழை தூற ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்னால் போன காருக்கு நான் விட்டிருந்த இடைவெளி பத்தாது. அவர் பிரேக் போட்டார், நானும் மிதித்தேன். என்ஜின் பக்கத்துச் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கின, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளியது, வண்டி பேனாக்கத்தி மாதிரி மடங்கிவிட்டது. காரின் பின்பக்கமும் சாலையோரத் தடுப்பும் நொறுங்கின. யாருக்கும் காயமில்லை. காரிலிருந்து இறங்கி வந்தவர், "உங்களுக்கு ஒன்றும் ஆகலையே?" என்றுதான் முதலில் கேட்டார். அந்த மனிதருக்கு இருந்த நிதானம் அதற்குப் பிறகு நான் வேலை கேட்டு ஏறி இறங்கிய ஒரு கம்பெனிக்கும் இல்லை.

11 வருடம் ஓட்டியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; லாரிக்காரனுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது போலிருக்கிறது.

வேலை தேடுவது எப்படி நடக்கிறது தெரியுமா? போன் செய்தால் அவ்வளவு மரியாதை. "எத்தனை வருஷ அனுபவம் சார்? டிரெய்லரா? அருமை, நாளைக்கே வந்துடுங்க சார்." அப்புறம் அந்தக் கேள்வி வரும்: விபத்து ஏதாவது உண்டா? உண்டு என்கிறேன். யார் மேல் தப்பு? என் மேல். அவ்வளவுதான், சார் காணாமல் போய்விடுவார். "பார்த்துட்டுக் கூப்பிடுறோம்." இதுவரை ஒருவரும் கூப்பிடவில்லை. விண்ணப்பத் தாளிலும் அதே கதை. 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். கீழே விளக்கம் எழுத விட்டிருக்கும் இடத்தில் என் பெயரையே எழுத முடியாது.

என்ன நடந்தது என்று ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். லோடு வண்டியைவிடக் காலி வண்டி சட்டென்று நிற்கும் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதன் பிரேக்கும் ஸ்பிரிங்கும் முழு பாரத்தைத் தாங்கச் செய்தவை. காலியாகப் போகும்போது டயருக்குத் தரையில் பிடி குறைவு, அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதுவும் மழையின் முதல் சில நிமிடங்கள்தான் மோசம், சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் அப்போதுதான் மேலே வரும். ஏர் பிரேக்கில் காற்று போய்ச் சேரவே அரை நொடி பிடிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடிக்குள் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும், பிரேக் அதற்கப்புறம்தான் பிடிக்கவே தொடங்கும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். அன்றைக்கு வாயில் தெரியும், இன்றைக்குக் காலில் தெரிகிறது. இப்போது தூறல் விழுந்தாலே என் கால் தானாக வேகத்தைக் குறைக்கிறது. இப்படி ஒருத்தனை வேண்டாம் என்கிறார்கள்.

காரணம் கேட்டால் எல்லோரும் இன்சூரன்ஸைக் கை காட்டுகிறார்கள். "எங்களுக்கு ஒன்றும் இல்லைங்க, இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான்." சரி, அங்கே கேட்டால் டிரைவரிடம் பேச மாட்டார்களாம், கம்பெனிதான் பேச வேண்டுமாம். கம்பெனி பேசாது. நடுவில் நான்.

இதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. போன வாரம் ஒரு இடத்தில் புதுக் காரணம் சொன்னார்கள்: "ரொம்ப நாளா வண்டி எடுக்கலையே, டச் விட்டுப் போயிருக்குமே." யார் எடுக்க விட்டார்கள் ஐயா? மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதை. இதே ஆட்கள்தான் டிரைவர் கிடைக்கவில்லை, வண்டி சும்மா நிற்கிறது என்று ஒப்பாரி வைக்கிறார்கள்.

'இல்லை' என்று போட்டுவிடு என்று கூட ஓட்டினவர்களே சொல்கிறார்கள். போட்டுவிடலாம். பழைய ஓனருக்கு ஒரு போன் போட்டால் வெளியே வந்துவிடும். ஏதாவது ஆகி, இழப்பீடு கேட்கும் நேரத்தில் வெளியே வந்தால் அதைவிட மோசம். அதோடு, எனக்கு அது பிடிக்கவும் இல்லை. ஆனால் ஒன்று, டிப்போவுக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது கதவையும் தூணையும் இடித்துவிட்டு மூச்சு விடாமல் போனவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! அவர்களுடைய தாளெல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

என்னை உடனே எடுத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர்களும் உண்டு. எனக்கு வயிற்றெரிச்சலே அங்கேதான். விபத்தைச் சொன்னதும் ஒருத்தர் முகம் மலர்ந்தது. சம்பளத்தைப் பாதியாக வெட்டினார். இரவு முழுக்க ஓட்ட வேண்டும், எடை பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது. இவனுக்குப் போக்கிடம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தடவை சறுக்கினவனை நல்ல பிரேக்கும் நல்ல டயரும் உள்ள வண்டியில் ஏற்ற மாட்டார்களாம். எது அடுத்து சறுக்கப் போகிறதோ அதைத் தேடிப் பிடித்து அவன் கையில் சாவியைக் கொடுப்பார்களாம். பாதுகாப்பு பாதுகாப்பு என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறவர்களுக்கு இது உறைக்கவே இல்லையா?

இருந்தாலும் கையில் காசு இல்லை. போனேன். வண்டியைச் சுற்றி வந்தேன். டிரெய்லரின் பின் டயர் இரண்டு தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கீழே குனிந்தால் எங்கேயோ காற்று உஸ்ஸென்று கசிகிறது. சரி பண்ணிக் கொடுங்கள், இன்றைக்கே எடுக்கிறேன் என்றேன்.

"ஆக்சிடென்ட் பண்ணினவனுக்கு இவ்வளவு வாய் ஆகாது தம்பி" என்றார்.

சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வண்டியை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவருக்கும் ஒரு 'ஆம்' இருந்திருக்கும்.